மருந்துக்கடைக்கார அம்மணி தந்த கோப்பை

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

எனக்குப் பொறாமை எதுவும் இல்லை.

கல்யாணமான நாள் முதல் என் கோப்பையில், நான் வாய் வைத்த இடத்திலேயே வாய் வைத்துத் தேநீர் குடித்தீர்கள். "ரசூலுல்லாவும் தன் பீவிகூட இப்படித்தான் குடிச்சாங்க புள்ள, இது நபிவழி" என்று கண்ணடிப்பீர்கள். மருந்துக்கடைக்கார அம்மணி நடத்தும் குர்ஆன் வகுப்புக்குப் போனதிலிருந்து, "குர்ஆன் மட்டும் போதும், நபி சொன்னது செஞ்சதுன்னு சொல்ற ஹதீஸ் வேணாம்" என்கிறீர்கள். அவள் பரிசாகத் தந்த நீலக் கோப்பையில் தனியாகக் குடிக்கிறீர்கள்.

எந்தத் தொழுகைக்கு எத்தனை ரக்அத், எத்தனை முறை குனிந்து எழ வேண்டும் என்று குர்ஆனில் எங்கே இருக்கிறது? ஹதீஸ் சொன்ன அந்தக் கணக்கை மட்டும் விடாமல் தொழுகிறீர்களே! என் கோப்பைதான் கசந்துவிட்டதா?

இன்று காலை நீங்கள் வேலைக்குப் போனதும் நீலக் கோப்பை உடைந்தது. கை தவறிவிட்டது என்று எழுதத்தான் நினைத்தேன். பொய் கூடாதென்று குர்ஆனிலேயே இருக்கிறது. நான்தான் போட்டு உடைத்தேன்.

நபியின் மனைவி ஒருவர், இன்னொரு மனைவி அனுப்பிய தட்டைப் பொறாமையில் உடைத்தபோது, நபி திட்டவில்லை. தாமே துண்டுகளைப் பொறுக்கினார்கள். அதுவும் ஹதீஸ்தான்.

துண்டுகள் அடுப்படியில் அப்படியே கிடக்கின்றன. செருப்போடு வாருங்கள், காலில் குத்தும். ஹதீஸ் வேண்டுமா வேண்டாமா என்று அங்கே நின்று முடிவு செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஒற்றைக் கோப்பையோடு காத்திருப்பவள்