கைக்குத் தெரியாத சூடு

முருகன் துணை

மங்கலம்,
தை 14, புதன்கிழமை.

அன்பு மகள் தேவிப்பிரியாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை முகிலனும் அந்தக் கனடாக் குளிரில் மேலுக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கச் சிவன்மலை முருகனை வேண்டிக்கொள்கிறேன். நாங்களும் இங்கே அப்படியே இருக்கிறோம் என்று அடுத்த வரி எழுத வேண்டும், அதுதான் முறை, ஆனால் இந்தத் தடவை கை வரவில்லை. லீவுக்கு வந்த அருள்செல்வன் நாளைக்கு உங்கள் ஊருக்குத் திரும்புகிறான், அவனிடம் இந்தக் கடிதத்தையும் நீ கேட்ட தேங்காய் எண்ணெயையும் கொடுத்துவிடுகிறேன். செக்கில் ஆட்டின எண்ணெய்தான். குளித்து முடித்து மேல் ஈரம் காய்வதற்குள் கை காலில் கொஞ்சமாகத் தடவு, தோல் வெடிக்காது. உதட்டுக்கு ஒரு சொட்டு போதும். முகத்துக்கு வேண்டாம், உனக்குப் பரு வரும். கால்விரல் இடுக்கிலும் புண்ணிலும் விடாதே. பாட்டிலோடு உறைந்துதான் கிடக்கும், அதற்காக அடுப்புப் பக்கம் கொண்டுபோய்விடாதே, கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தால் தானாக இளகிவிடும். இதையெல்லாம் போனில் சொன்னால் ஆகாதா என்று கேட்பாய். இதற்கு மேல் எழுதப்போவதை உன் அம்மா கேட்கக் கூடாது, நம் வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் அவள் காதில் விழும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் அம்மாவைத் திட்டினாய். சர்க்கரையை வைத்துக்கொண்டு சுடுதண்ணீரில் இப்படியா அஜாக்கிரதையாக இருப்பார்கள், இரண்டு கால்விரல் போன பிறகாவது புத்தி வர வேண்டாமா என்றாய். அவளும் சிரித்துக்கொண்டே ஆமாங்கண்ணு, எம்மேலதான் தப்பு, இனிமேப் பாத்துக்கிறேன் என்றாள். போனை வைத்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள், மத்தியானம் சோறு உண்ணவில்லை. அம்மிணி, உன் அம்மா காலில் சுடுதண்ணீர் கொட்டவே இல்லை. சுட்டது நான். இதை எழுத மூன்று நாளாக உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன், இப்போது எழுதிவிட்டேன், மீதியையும் கேள்.

பாத வெடிப்புக்குத் தினமும் தேங்காய் எண்ணெய் போடச் சொன்னது நீதான், அது தப்பே இல்லை, அதை நினைத்து நீ வருத்தப்படக் கூடாது என்றுதான் முதலில் சொல்கிறேன். ஆடியிலிருந்து நான்தான் தேய்த்துவிட்டு வந்தேன். நான் பனியன் கம்பெனி விட்டு வந்ததும் அவள் காலை நீட்டுவாள், என் அயர்ன் டேபிள் கதைகளைச் சொல்லிக்கொண்டே தேய்ப்பேன். குதிகால் வெடிப்பு மூடிப் பாதம் பிள்ளைக் கால் போல ஆகிவிட்டது. மார்கழிக் குளிரில் எண்ணெய் கட்டியாகிவிட்டது. அவளும் பாதம் மரத்துப்போயிருக்கிறது, சூடாகத் தேய்த்தால் நன்றாக இருக்குமோ என்னவோ என்றாள். கரண்டியில் ஊற்றிக் கற்பூரம் போட்டுக் காய்ச்சினேன். சும்மா ஊற்றவில்லை, உள்ளங்கையில் விட்டுப் பார்த்தேன். இளஞ்சூடாகத்தான் இருந்தது. அவளைக் கேட்டேன், சுகமாத்தாங்க இருக்குது, இன்னங் கொஞ்சம் ஊத்துங்க என்றாள். பாதம் சிவந்தது. ரத்த ஓட்டம் வந்துவிட்டது என்று இரண்டு பேரும் சந்தோஷப்பட்டோம், நீயே சொல், இப்படி இரண்டு முட்டாள்கள் எங்கேயாவது உண்டா. விடிந்து பார்த்தால் கொப்புளம். அதற்கும் எண்ணெயையே தடவி நாலு நாள் ஓட்டினோம். ஐந்தாம் நாள் வாடை வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்பார்கள், இங்கே குரங்கு கூட ஆகவில்லை.

டாக்டர் எப்படி ஆனது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா சுடுதண்ணி மேல ஊத்திக்கிட்டனுங்க என்றாள். அவர் அவளைத்தான் திட்டினார். படிக்காதவங்களா நீங்க, காலைக் காப்பாத்திக்கத் தெரியாதா என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் பக்கத்திலேயே மருந்துச் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த நேரம் எனக்குள்ளும் ஒரு சந்தேகம் இருந்தது, இளஞ்சூட்டு எண்ணெய் எப்படிச் சுடும், வேறு ஏதோ காரணம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். விரலை எடுத்த அன்றைக்கு வீட்டுக்குத் துணி எடுக்க வந்தவன் அதே கரண்டியில் அதே அளவு காய்ச்சிக் கையில் விட்டேன். அதே இளஞ்சூடு. பக்கத்து வீட்டு லிங்கசாமியைக் கூப்பிட்டு, அப்பனே இதைக் கொஞ்சம் தொட்டுப் பார் என்றேன். விரலை வைத்தவன் வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். ஏனுங் மாமா, இந்தக் கொதி கொதிக்குதே, உங்களுக்குச் சுடலீங்களா என்றான்.

எனக்குச் சுடவில்லை பிரியா. முப்பத்தோரு வருஷம் ஸ்டீம் அயர்ன் பிடித்த கை. அம்மா காலுக்குத் தேய்க்க ஆரம்பிக்கும் வரை ஞாயிற்றுக்கிழமை தவிர இந்தக் கை எண்ணெயைத் தொட்டதில்லை, வெள்ளை பீஸில் ஒரு பொட்டுக் கறை பட்டாலும் செக்கிங்கில் தூக்கிப் போட்டுவிடுவார்கள். சின்ன வயதில் உன் கன்னத்தைத் தொட்டால் முள்ளாட்டம் குத்துதுங்கப்பா என்று நீ தள்ளிவிடுவாய், அப்போது சிரிப்பேன். கை காய்த்துப்போனது தெரியும், சூடு தெரியாமல் போனது தெரியாது. அவள் காலுக்கும் தெரியவில்லை என் கைக்கும் தெரியவில்லை. அவள் காலுக்காவது வியாதி என்று ஒரு பெயர் இருக்கிறது.

வரும் திங்கட்கிழமை கட்டைப் பிரித்துப் பார்ப்பார்கள். கருப்பு மேலே ஏறியிருந்தால் பாதத்தில் பாதியை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். இது உன் கைக்கு வந்து ஓரிரு நாளில் அது தெரிந்துவிடும், நல்லதோ கெட்டதோ போனில் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சிவன்மலையில் தைப்பூசத் தேர். வருஷா வருஷம் நடந்து போகிறவள், இந்த வருஷம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது கண்ணு, உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல.

இன்றைக்குக் காலையில் அவள் கட்டிலில் உட்கார்ந்தபடி நல்ல காலை என் பக்கம் நீட்டினாள். ஏனுங்க, இந்தக் காலும் வெடிக்க ஆரம்பிச்சிருச்சு, எண்ணெய் கொண்டாங்க, பச்சையாவே போடலாம் என்றாள். பாட்டிலை எடுத்துவிட்டேன், பக்கத்திலும் உட்கார்ந்துவிட்டேன், கை போகவில்லை. அவள் கொஞ்ச நேரம் நீட்டியபடியே வைத்திருந்தாள். பிறகு பரவால்லீங்க, நாளைக்குப் போட்டுக்கலாம் என்று சேலையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள்.

நீயும் மாப்பிள்ளையும் நீண்ட ஆயுளோடும் குறையாத உடம்போடும் இருக்க என் ஆசீர்வாதம். நேரத்துக்குச் சாப்பிடு, வெளியே போகும்போது காதை மூடிக்கொண்டு போ. ஒன்று மட்டும் மறந்துவிடாதே, உனக்கு விஷயம் தெரியும் என்று அம்மாவுக்குத் தெரியக் கூடாது. சுடுதண்ணீர் என்று அவள் சொன்னால் சுடுதண்ணீர் என்றே இருக்கட்டும், அதை அவள் எனக்காகச் சுமக்கிறாள், நீ இறக்கி வைத்துவிடாதே. அடுத்த தடவை பேசும்போது போனை என்னிடம் கொடுக்கச் சொல்லாதே, அவளிடமே அதிக நேரம் பேசு, திட்டினதற்கு மன்னிப்புக் கேள். ஏன் திடீரென்று கேட்கிறாய் என்றால், சும்மாதான் என்று சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா
சிவசுப்பிரமணியம்