மொய்த்தட்டில் விழுந்த பச்சை நோட்டு

பதுளை
05.09.2001

அன்பு மகன் மதுசூதனனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் ஆண்டவன் கிருபையில் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அந்த அந்நிய ஊரில் நோய்நொடியின்றி இருக்க வேண்டும் என்பதே என் அன்றாட வேண்டுதல். இங்கே மழை கண்டு வெகுநாள், குழாயில் தண்ணீர் விட்டுவிட்டுத்தான் வருகிறது, அக்கா கேசினியின் சின்னவனுக்குப் பல் முளைத்துவிட்டது. நீ ஜெனீவாக் கூட்டத்தில் பேசும் படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் அப்பா காட்டிக்கொண்டிருந்தார், போன வியாழக்கிழமை அதை எடுத்து அலுமாரிக்குள் வைத்துவிட்டார். ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன், எழுதவே அருவருப்பாக இருக்கிறது.

ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயங்களில் நீ வெள்ளைக்காரத் தோழர்களோடு வந்து தொடங்கிவைத்தாயே கொழுந்து நோட்டு, கையில் ரூபாய் இல்லாதவர்கள் தங்களுக்குள் காய்கறிக்கும் கூலிக்கும் கொடுத்து வாங்க மாற்று நாணயம் என்று. பதுக்கக்கூடாது என்பதற்காக மாதம் பிறந்ததும் அதன் மதிப்புக் குறையவும், மூன்று மாதத்தில் செல்லாமற் போகவும் செய்தாய். மாதக் கடைசியில் நோட்டு வேகமாகக் கைமாறுகிறது, திட்டம் வெற்றி என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். எப்படிக் கைமாறுகிறது என்பதை நான் கண்ணால் பார்த்தேன். அந்த வியாழக்கிழமைதான் இராக்கம்மாவின் மகளுக்குக் கலியாணம். நான் அங்கே படிப்பித்த காலத்தில் உன்னை இடுப்பில் சுமந்து திரிந்த அதே இராக்கம்மாதான். புருஷன் போனபின் கொழுந்து பறித்தே பிள்ளையை வளர்த்தவள், எந்த வீட்டில் நல்லது நடந்தாலும் மொய்யை ரூபாயாகவே வைத்தவள். அதெல்லாம் திரும்பி வரும் என்று நம்பி, பலீல் கடையில் அரிசியும் சேலையும் கடனுக்கு எடுத்து, மாப்பிள்ளை ஊரான ஹல்துமுல்லைக்கு வானும் பேசியிருந்தாள். தட்டில் விழுந்ததோ அத்தனையும் உன் பச்சைக் கொழுந்து நோட்டு. மூன்று மாதத் தவணை முடிந்து சனிக்கிழமை மாதம் பிறந்தால் செத்துப்போகும் நோட்டை எங்கே தள்ளலாம் என்று காத்திருந்த சனம், மஞ்சள் தடவிய உறையில் போட்டு வாழ்த்தோடு அவள் தலையில் கட்டிவிட்டது. இப்படிச் செய்யலாமா என்று நான் கத்தினதற்கு, வச்சிருந்தா செல்லாதுங்க டீச்சர், நாங்க என்னாங்க செய்யிறது என்றார்கள்.

டீசல் காசு கைக்கு வராமல் வண்டியை எடுக்கமாட்டேன் என்று டிரைவர் நிற்கிறான், பெண் கூறைச்சேலையோடு வானுக்குள் இருந்து அழுகிறாள், இப்படியாப்பட்ட வீட்டுலயா பொண்ணெடுத்தோம் என்று மாப்பிள்ளையின் தாய் சொன்னது எல்லார் காதிலும் விழுந்தது. இராக்கம்மா என்னிடம் வந்து, டீச்சரம்மா, நான் எல்லாத்துக்கும் நல்ல காசுதானே வச்சேன், எனக்கு மட்டும் ஏங்க இத வச்சாங்க என்று கேட்டாள். உன்னைப் பற்றி ஒரு சொல் குறை சொல்லவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் கண் ஒப்பரேஷனுக்கு நீ அனுப்பிய பணத்தை அன்று காலைதான் வங்கியில் எடுத்திருந்தேன், அதைக் கொடுத்து மொய் நோட்டுகளை நான் வாங்கிக்கொண்டு, வானை அனுப்பிவிட்டுப் பலீல் கடனையும் தீர்த்தேன். அவர் என் கையிலிருந்த அந்த நோட்டில் ஒன்றை வாங்கித் திருப்பிப் பார்த்து, இத கொண்டு கொழும்புல சாமான் எடுக்க ஏலுமா டீச்சர் என்று பணிவாகத்தான் கேட்டார், எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

நீ கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று அப்பா சொல்கிறார். எனக்கு அது போதாது. உன் சம்பளம் மட்டும் மாதம் பிறந்தால் குறையாத இங்கிலீஷ் பவுணில் வருகிறது. அழுகும் காசை இல்லாதவளுக்குக் கொடுத்துவிட்டு அழுகாத காசில் நீ சாப்பிடுகிறாய்.

இரவில் விழித்திருந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே, நேரத்துக்குச் சாப்பிடு. என் கண்ணை ஆறுதலாகப் பார்த்துக்கொள்ளலாம், அதற்கென்று வேறு பணம் அனுப்ப வேண்டாம். கதிர்காமக் கந்தன் உனக்குத் துணையிருப்பான், நல்ல புத்தியும் தரச் சொல்லி அவனிடம் கேட்டிருக்கிறேன். ஒன்றை மறந்துவிடாதே, இராக்கம்மா மகளுக்கு வந்த மொய் முழுவதையும் இந்த உறைக்குள்ளேயே வைத்திருக்கிறேன். உன் தெருக் கடையில் அதைக் கொடுத்து ஒரு பாண் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு எனக்குப் பதில் எழுது.

உன் அம்மா
கமலாம்பிகை அம்பலவாணர்