குப்புறப் படுக்கும் பத்து நாள்

பிள்ளையார்பாளையம்
12.6.2025

அன்புள்ள குழலிக்கு,

நான்கு தடவை போன் பண்ணினேன், நீ எடுக்கவில்லை. அதனால்தான் கடிதம். எழுத்து கோணலாக இருந்தால் கோபிக்காதே. வலது கண்ணுக்கு சன்னல் கம்பியெல்லாம் வளைந்து தெரிகிறது.

ஏப்ரலில் ஆபரேஷன் செய்து விழித்திரையை ஒட்டவைத்தார்களே, அதன்மேல் தழும்பு மாதிரி ஒரு சவ்வு வளர்ந்திருக்கிறதாம். மெல்லிசாக இருந்தது தடித்து, சுருங்கி, திரையையே இழுக்கிறதாம். "இன்னும் தள்ளிப்போட்டா பார்வை போயிடும்பா" என்றார் டாக்டர். சவ்வை உரித்து, கண்ணுக்குள் காற்று விட்டு, மறுபடியும் பத்து நாள் குப்புறப் படுக்கவேண்டும். நீ வந்து கூட இருந்தால் தேவலை. வீட்டில் பேச்சுத் துணைக்கு டிவிதான்.

உன்
ஜெயக்குமார்


ஏனாத்தூர்
18.6.2025

குழலி எழுதிக்கொள்வது.

படித்ததும் உடனே கிளம்பி வரத்தான் தோன்றியது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் எந்த முகத்தோடு அந்தத் தெருவுக்கு வருவேன்? போன தடவை நான்காம் நாள், நான் மருந்து வாங்கப் போன நேரத்தில், அறுபத்துமூவர் புறப்பாடு பார்க்க எழுந்து போனது யார்? உங்கள் அக்கா லோகாம்பாள், "கட்டினவன் கண்ணையே அவிச்சுட்டாளே" என்று தெருவே கேட்கச் சொன்னபோது, தலையணைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சும்மா இருந்தீர்களே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் இங்கே மாணவிகள் விடுதியில் வார்டனாக ஒண்டிக்கொண்டிருக்கமாட்டேன். முதலில் உங்கள் அக்காவிடம் உண்மையைச் சொல்லுங்கள்.

குழலி


பிள்ளையார்பாளையம்
25.6.2025

குழலி,

எப்படிப் படுத்தாலும் சிலருக்கு இந்தச் சவ்வு வளருமாம், டாக்டர் சொன்னார். யார் மேலும் தப்பில்லை என்று அக்காவிடம் சொல்லலாம் என்றுதான் கிளம்பினேன். அது முழு உண்மை இல்லையே என்று அவள் வாசலில் கால் நின்றுவிட்டது. உள்ளே போய், "நான்தான்க்கா எழுந்து போனேன். அவ மேல பழி விழுந்தப்போ கம்முனு இருந்துட்டேன்" என்றேன். அக்கா உன் விடுதி எங்கே இருக்கிறது என்று கேட்டாள்.

திங்கட்கிழமை ஆபரேஷன். வருவாய்தானே?

ஜெயக்குமார்


ஏனாத்தூர்
29.6.2025

குழலி எழுதிக்கொள்வது.

உங்கள் அக்கா காலையிலேயே விடுதிக்கு வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். இந்த ஒன்றுக்காகத்தான் காத்திருந்தேன். அவர் வந்து சொன்னதும் கிளம்பிவிடுவேன் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். புடவைகளை மடித்துக்கூட வைத்தேன். ஆனால் மனசு எழும்பவில்லை. பழி தீர்ந்தது. அன்று நீங்கள் வாயே திறக்காதது மட்டும் தீரவில்லை. நான் வரவில்லை.

நடுவில் முகம் வைக்க இடம் விட்டுத் தைத்த தலையணை ஒன்றை அக்காவிடம் கொடுத்திருக்கிறேன். உங்கள் முதல் கடிதம் வந்த அன்றே தைத்தது. நான்காம் நாள் உங்களுக்கு இருப்புக் கொள்ளாது. எழுந்திருக்காதீர்கள். இந்தத் தடவை பழி போட வீட்டில் ஆள் இல்லை.

குழலி