வாளிக்குள் வைத்த இதயம்

வெள்ளிக்கிழமை, இரவு

போர்வைக்குள் போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். அப்பா தூங்கிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

நாளைக் காலை உயிரியல் செய்முறை வகுப்பில் இதயம் வெட்டுகிறோம். எங்கள் குழுவுக்கு நான் கொண்டுபோக வேண்டும். பதுளை இறைச்சிக் கடையில் ஆட்டு இதயம் இல்லை. மாட்டு இதயத்தை வாங்கிவந்து, கெடாமல் இருக்க எங்கள் தேயிலைத் தோட்ட லய வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் வாளிக்குள் போட்டு வைத்தேன். கோயிலுக்குப் போகுமுன் அப்பா அந்த வாளியில்தான் குளிப்பார் என்பது மறந்தே போனது.

"வெரத நாள்ல மாட்டுக் கறியாடி?"

"கறி இல்லப்பா. படிக்கிறதுக்கு."

"படிச்சுக் கிழிச்சது போதும் டாக்டரம்மா. திங்கக்கெழம தோட்டத் தொரைகிட்ட சொல்லி வேலைக்கிப் பேர் பதிஞ்சிர்றேன். போயி கொழுந்தெடு."

இதயத்தை நாய்களுக்கு வீசினார். அம்மா அடுப்பை விட்டுத் திரும்பக்கூட இல்லை. பல்கலைக்கழகத்தில் உயிர்மருத்துவ விஞ்ஞானம் படிக்க ஆசை என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். அன்றிலிருந்துதான் இந்த டாக்டரம்மா. அவரைப் பார்க்கவே பிடிக்கவில்லை. இதை எழுதவும் பயமாக இருக்கிறது.

அவர் கோயிலுக்குப் போனதும் நாய்களிடமிருந்து பிடுங்கிவிட்டேன். ஒரு பக்கம் போய்விட்டது. இடது இதயவறை முழுசாக இருக்கிறது. கழுவி, மூன்று பைகளில் சுற்றினேன். அவர் சந்தேகப்படாத இடம் வீட்டில் ஒன்றுதான். சாமி படங்களுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

காலையில் அவர் விளக்கேற்ற வருமுன் நான் எழும்பிவிட வேண்டும். இப்போது இருமுகிறார். தூங்கவில்லை