வாய் மூடிய மட்டிகள்

பாய்,

பொங்கலுக்கு வெள்ளையடிக்க வாங்கிவைத்த கிளிஞ்சல் சுண்ணாம்பில் இன்று காலை தண்ணீர் ஊற்றினேன். அது கொதித்துப் புகைந்த வாசனையில் நீங்கள் வந்து நின்றுவிட்டீர்கள். ஆம்பூர் டேனரியில் தோல் ஊறும் சுண்ணாம்புக் குழிகள் உங்கள் பொறுப்பு. அந்தச் சுண்ணாம்பைச் சுடுவதற்குக் கடற்கரையிலிருந்து கிளிஞ்சல் ஏற்றிவருவது என் லாரி.

வேலூர்ப் பக்கம் பிறந்த நமக்கு வெயில் புதிதா என்ன? அந்த வருஷத்துக் கத்திரியில் நாமே புலம்பினோம். குழியில் சுண்ணாம்பு தீர்ந்துவிட்டது. வந்து குவிந்த தோல் அழுகத் தொடங்கியது. "ஃபுல் லோடு இல்லாம திரும்பி வராதே" என்று முதலாளி உங்களை அனுப்பினார். வாலாஜாபேட்டையில் ஒரு டீக்குக்கூட வண்டியை நிறுத்தவிடாமல் என்னைப் பழவேற்காட்டுக்கு விரட்டினீர்கள்.

எப்போதும் சேற்றில் புதைந்த பழைய ஓடுகளைத்தான் தோண்டி ஏற்றுவோம். அன்று ஏரி உள்வாங்கி, கரையோர மட்டிச் சிப்பித் திட்டு மொத்தமும் வெயிலில் கிடந்தது. தண்ணீர் விலகினால் மட்டி ஓட்டை இறுக மூடி, உள்ளிருக்கும் கொஞ்ச ஈரத்தில் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த வெயில் அதையும் வேகவைத்துவிட்டது. பாதிக்குமேல் வாய் பிளந்து கிடந்தன. டேனரி நாற்றத்தில் வளர்ந்த நானே துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டேன். "அப்படியே வாரிக்குங்க, தோண்டுற வேலை மிச்சம்" என்றார் அங்கே கிளிஞ்சல் எடுக்கும் குத்தகைக்காரர். எனக்கும் சந்தோஷம்தான். நம் ஊர்க்காரர்களுக்குக் கிளிஞ்சல் என்றால் சுண்ணாம்புக் கல். அதற்குள் ஒன்று குடியிருந்தது என்ற நினைப்பே நமக்குக் கிடையாது.

ஆட்கள் வார ஆரம்பித்ததும், மட்டி எடுத்துப் பிழைக்கும் பெண் ஒருத்தி ஓடிவந்து கூடையைப் பிடித்துக்கொண்டாள். "வாய் தொறந்தது செத்தது, எடுத்துக்கோ. மூடினு இருக்கறதுக்கு உசுரு இருக்குது. அதையும் வாரினு போய்ட்டா அப்புறம் இங்க இன்னா இருக்கும்? நாங்க இன்னாத்த துன்றது?"

நீங்கள் குனிந்து ஒன்றை எடுத்து விரலால் பிரிக்கப் பார்த்தீர்கள். அது விடவில்லை. அதை உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டினீர்கள்.

"உசுரோட இருக்கறத நெருப்புல போட்றது எங்க மார்க்கத்துல கூடாது, தோஸ்த்" என்றீர்கள்.

"பாய், வேலை பூடும். பேஜாராய்டும்."

"தெரியும். கூடையை எட்றா."

உச்சி வெயிலில் எல்லோரும் உட்கார்ந்து பிரித்தோம். செத்தது லாரிக்கு, மூடியது ஆழத் தண்ணீருக்கு. உங்களைத் திட்டிக்கொண்டேதான் நானும் கூடை சுமந்தேன். லாரி பாதி லோடோடு ஊர் திரும்பியது. மறுநாளே முதலாளி உங்களை நிறுத்திவிட்டார்.

அப்புறம் வேலூர் லாங் பஜாரில் கைலி விற்றீர்கள். வேலை போனதற்காக நீங்கள் வருந்தவே இல்லை என்று நான் எழுதினால் அது பொய். மகள் கல்யாணம் தள்ளிப்போனபோது என் முன்னால் உட்கார்ந்து அழுதீர்கள். ஆனால் அந்தப் பெண்ணையோ ஏரியையோ ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.

போன மாதம் படுக்கையில் கிடந்தபடி திடீரென்று கேட்டீர்கள். "அந்த மட்டிங்க பொழைச்சிருக்குமா தோஸ்த்?" இத்தனை வருஷமும் மனசில் வைத்திருந்திருக்கிறீர்கள், பாவி மனுஷா! "பார்த்துட்டு வந்து சொல்றேன், இருங்க" என்று பழவேற்காட்டுக்கு பஸ் ஏறினேன்.

இடுப்பளவு தண்ணீரில் பெண்கள் காலால் துழாவி மட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். கூடை நிறைய இருந்தது. எல்லாம் உயிரோடு, வாய் மூடியவை. எனக்குத் தெரிந்த யாரும் அங்கே இல்லை. இருந்தாலும் கரையில் நின்று சத்தமாகச் சிரித்தேன்.

உங்கள் தெருவுக்குள் நான் நுழைந்தபோது உங்களைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். ஓடிப்போய் தோள் கொடுத்தேன். அத்தனை பேர் நடுவில் மட்டியைப் பற்றி எப்படிப் பேசுவது? சொல்லாமலே உங்களை மண்ணில் இறக்கிவிட்டு வந்தேன்.

பொழைச்சிருக்குது பாய். நிறைய இருக்குது.