நீ மதருக்கு எழுதின காகிதம்

சேசு மரி சூசை துணை

கருமத்தம்பட்டி
21-8-1938

கொழும்பிலிருக்கும் மகன் இன்னாசிமுத்துக்கு அம்மா எழுதுவது. சர்வேசுரன் கிருபையால் நானும் உன் தங்கை அருள்செல்வியும் உடம்புக்குச் சுகம், மனசுக்குச் சுகமில்லை, அதற்குக் காரணம் நீ. உன் சுகத்துக்காகக் காலைப் பூசையில் வேண்டிக்கொண்டு வந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன். தாயாக அந்தக் கடமையை முடித்துவிட்டேன், இனி நான் எழுதுவதை உட்கார்ந்து பொறுமையாகப் படி, பாதியில் மடித்து வைத்துவிடாதே.

அருள்செல்வி படிக்கும் கோயமுத்தூர் மடத்துப் பள்ளிக்கூடத்துக்கு, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், பெரிய மதருக்கு நீ காகிதம் எழுதியிருக்கிறாய். தங்கை கல்யாணத்துக்கு நிற்கிற பெண், பள்ளிக்கூடத்து மந்திரிசபையில் முதல் மந்திரி என்று பெயர் வாங்கினால் வாயாடி என்று சொல்லி வருகிற வரன் தட்டிப்போகும், ஆகையால் கார்டியன் என்ற முறையில் அவளை உடனே நீக்கும்படி கேட்டுக்கொள்கிறேன் என்று இங்கிலீஷில் எழுதினாயாமே. உன்னை யார் கார்டியன் ஆக்கினது? உன் அப்பா செத்து நாலு வருஷமாக அவளுக்குத் தலை வாரிவிட்டு, காய்ச்சலுக்குக் கஷாயம் வைத்து, கோவில் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு தொண்டை வற்றக் கத்தி அவளைப் படிக்க வைக்கிறவள் நான். அவள் ஆசையாக உனக்கு எழுதினாள், அண்ணா என்னை எல்லாரும் சேர்ந்து மந்திரியாக்கியிருக்கிறார்கள் என்று. அவளுக்கு நீ பதில் எழுதவில்லை, மதருக்கு எழுதினாய். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அங்கே நடந்தது என்னவென்று தெரியாமல் எழுதிவிட்டாய், இப்போதாவது தெரிந்துகொள். மதராசில் மந்திரிமார் வந்த பிறகு எல்லா இடத்திலும் அந்தப் பேச்சாக இருக்கிறதல்லவா, இந்த மடத்திலும் ஜூன் மாதத்தில் பிள்ளைகளுக்கென்று ஒரு மந்திரிசபை வைத்தார்கள். பிஸ்கட்டு டப்பாவில் சீட்டுப் போட்டார்கள். அருள்செல்விக்கு அறுபத்தொன்று, அவளை எதிர்த்து நின்ற வரலட்சுமிக்கு நாற்பது. வரலட்சுமி யாரென்றால் பஞ்சு மண்டிக்காரர் லட்சுமணசாமி மகள், கொஞ்சம் கர்வம் பிடித்த பிள்ளை, சீட்டு எண்ணின அன்று இவளோடு பேசக்கூட இல்லை. சாப்பாடு, சுகாதாரம், தோட்டம் என்று இன்னும் மூன்று மந்திரிகள். எல்லாம் விளையாட்டுக்கு என்று மதர் நினைத்திருப்பார்கள். உன் தங்கை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த மடத்தில் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள் பன்னிரண்டு பேர் வளர்கிறார்கள், விடியுமுன்னே எழுந்து ஹாஸ்டலில் இருக்கிற எழுபது பேர் குளிக்கவும் அந்தப் பன்னிரண்டு பேர்தான் கிணற்றில் தண்ணீர் சேந்தித் தொட்டியை நிரப்ப வேண்டும். அதில் மார்த்தாள் என்கிற பெண்ணுக்குக் கயிறு இழுத்து இழுத்து உள்ளங்கை வெடித்துச் சீழ் வைத்து, பரீட்சையில் பேனா பிடிக்க முடியாமல் வெறும் தாளைக் கொடுத்துவிட்டு வந்தாளாம். அருள்செல்வி அதைச் சபையில் எடுத்துச் சொல்லி, இனிமேல் ஹாஸ்டலில் இருக்கிற எல்லாரும் முறை வைத்துத் தண்ணீர் சேந்துவது என்று தீர்மானம் போட்டாள். மதரும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள். முதல் நாள் முறை உன் தங்கையுடையது. இதுதான் நீ வாயாடித்தனம் என்று எழுதின காரியம்.

பிறகு பெரிய வீட்டுப் பிள்ளைகளின் தகப்பன்மார் ஒவ்வொருவராக வந்தார்கள். லட்சுமணசாமி காரிலேயே வந்து இறங்கி, "ஏனுங்க மதர், எம்பொண்ணு கவுறு புடிக்கறதுக்கா இங்க கொண்டாந்து உட்டேன், எங்கூட்டுல ஆளில்லீங்களா" என்று சத்தம் போட்டாராம். மதருக்குச் சங்கடம்தான், ஆனால் தானே கையெழுத்துப் போட்டதைத் தானே எப்படி மாற்றுவது. அந்த நேரம் பார்த்து உன் காகிதம் போய் விழுந்தது. அடுத்த நாள் காலை ஜெபம் முடிந்ததும் அத்தனை பிள்ளைகள் முன்னாலும் அதை வாசித்து, தமிழிலும் சொல்லி, சொந்த அண்ணனே வேண்டாமென்கிறார் என்று சொல்லி அவள் தோளில் குத்தியிருந்த நீல நாடாவைக் கழற்றிக்கொண்டார்கள். தண்ணீர் முறையும் அன்றோடு நின்றது. மார்த்தாள் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் கிணற்றடிக்குப் போனாள். கொழும்பில் விசிறிக்குக் கீழே உட்கார்ந்து நீ எழுதின எழுத்துக்கு இங்கே இப்படியெல்லாம் ஆயிற்று.

செவ்வாய்க்கிழமை என்னை வரச்சொல்லி ஆள் அனுப்பினார்கள். லீவு சொல்லிவிட்டு பஸ்ஸில் போனேன். மதர் ஒரு தாளை நீட்டி, மகன் கேட்டதற்குத் தாயாருக்கும் சம்மதம் என்று எழுதியிருக்கிறது, கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். உன்மேல் இத்தனை கோபப்படுகிறவள் இதை மறைக்கக்கூடாது, நான் போட்டேன். என் வேலை கோவில் பள்ளிக்கூடத்தை நடத்துகிற நம்மூர் சுவாமியார் கையில், அவருக்கும் மதருக்கும் எவ்வளவு பழக்கம் என்று உனக்குத் தெரியும். போட்டுக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். வராந்தாவில் அருள்செல்வி நின்றாள். அழவில்லை, என் முகத்தையே பார்த்து, "நீயுமாம்மா கையெழுத்துப் போட்டுப்போட்டே" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். திரும்ப உள்ளே போய், "மதர், அந்தத் தாளைக் குடுத்துருங்க" என்றேன். ஏன் என்றார்கள். "எம்புள்ள தப்பு எதுவும் பண்ணலீங்க. அவ அப்பன் இல்லாத புள்ள, அதனாலதான் அந்தப் புள்ளைங்க கஷ்டம் அவளுக்குத் தெரிஞ்சுது. அவளுக்குக் கார்டியன் நாந்தானுங்க, கொழும்புல இருக்கறவன் இல்லீங்க" என்றேன். மதர் தாளை எடுத்துக் கொடுத்தார்கள். பதவியைத் திரும்பக் கொடுக்க மட்டும் சம்மதிக்கவில்லை, பெற்றோர்களுக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்றார்கள். சீட்டுப் போடாமலே வரலட்சுமியை முதல் மந்திரியாக வைத்தார்கள். அந்தப் பெண்ணும் வாயைத் திறக்காமல் நாடாவைக் குத்திக்கொண்டது என்று கேட்டு எனக்கு வயிறு எரிந்தது.

ஆனால் கேள். வியாழக்கிழமை அந்த வரலட்சுமி சபையைக் கூட்டி முதல் காரியமாகத் தண்ணீர் முறையை மறுபடியும் வாசித்தாளாம். முதல் பெயர் தன் பெயர். மதர் என்ன இது என்று கேட்டதற்கு, "அன்னிக்கு அருள்செல்விக்குச் சீட்டுப் போட்டவங்க இதுக்குத்தானுங்க மதர் போட்டாங்க, நாடாவை மாத்திக் குத்திட்டா அது மாறிருங்களா" என்றாளாம். மறுநாள் விடிகாலையில் அந்த மண்டிக்காரர் மகள் பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு கயிறு இழுத்ததைப் பிள்ளைகள் எல்லாரும் நின்று பார்த்தார்களாம். தகப்பனார் மறுபடியும் காரில் வந்தார், வந்த மாதிரியே போனார். உன் தங்கையோடு கூடப் பிறக்காத ஒருத்தி, அவளிடம் தோற்றவள், அவள் சொன்னதைக் காப்பாற்றினாள். கூடப் பிறந்தவன் நீ என்ன செய்தாய் என்று யோசித்துப் பார்.

நீ சொன்ன வரனை, உன் ஆபீஸ் பெரியவருடைய தம்பியை, வேண்டாமென்று நானே அவர்களுக்கு எழுதிவிட்டேன். மந்திரியாயிருந்த பெண் வேண்டாம் என்கிற வீட்டுக்கு என் பெண் போக வேண்டாம், அவள் ஸ்கூல் பைனல் எழுதி முடிக்கட்டும். நம்மூர் சுவாமியார் அந்தச் செவ்வாயிலிருந்து என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை, வேலை என்னாகுமோ தெரியவில்லை, அதற்காக நீ வருத்தப்பட்டு எழுத வேண்டாம்.

நேற்று சனிக்கிழமை அருள்செல்வி வீட்டுக்கு வந்தாள். உன் பெயரை எடுக்கவே இல்லை. நான்தான், அண்ணனுக்கு எழுதப்போகிறேன், நீ ஏதாவது சொல்லவேண்டுமா என்று கேட்டேன். "வேண்டாமுன்னு எங்கிட்டச் சொல்லியிருந்தா நானே நாடாவைக் கழட்டிக் குடுத்திருப்பேன்மா. அண்ணன் சொல்லி எதை நான் கேக்காம இருந்தேன்" என்றாள். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு உன்மேல் இருந்த கோபம் இரண்டு மடங்காயிற்று.

மழையில் நனையாதே, உனக்கு நெஞ்சுச்சளி உண்டு. தேவமாதா உன்னைக் காப்பாற்றட்டும், உனக்கு நல்ல புத்தி கொடுக்கட்டும். அக்டோபரில் ஜெபமாலை மாதா திருநாளுக்குக் கட்டாயம் வா, வருவதற்கு முன் தங்கைக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது, தமிழில் எழுது. அது வந்து சேராமல் நீ மட்டும் வந்தால் உனக்குச் சோறு போடுவேன், பேசமாட்டேன்.

உன் அம்மா
ஞானாபரணம்