கூறாமல் போன மூன்றாம் ஓலை

போன ஞாயிறு ஆராதனையில் போதகர் ஒரு கல்யாண ஓலை கூறினார். மண்ணூர்ப் பெண், தெற்கத்திப் பையன், இருவருக்கும் கம்பெனி வேலை. இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று வழக்கம்போலச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினார். மடியில் இருந்த மகளைக் கணவரிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்து நின்றேன். நீங்கள் போய்ச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் ஓலை கூறும்போதெல்லாம் என்னால் உட்கார முடிவதில்லை.

நம் பெயர்களையும் அதே இடத்தில் நின்றுதான் கூறினார். வழக்கப்படி மூன்று ஞாயிறு கூற வேண்டும். நமக்கு இரண்டோடு நின்றுபோனது.

இப்போது மூடிக் கிடக்கிற செல்போன் கம்பெனி அப்போது மும்முரமாக ஓடிக்கொண்டிருந்தது. பென்னலூர் வீட்டிலிருந்து நான் அங்கே லைன் வேலைக்குப் போய்வந்தேன். நீங்கள் ஒரகடத்தில் லாரி உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி பார்த்தீர்கள். மண்ணூரில் நாலு பேரோடு ஓர் அறை, ஞாயிறானால் ஆலயத்தில் கீபோர்டு. உங்களை முதலில் பிடித்தது எனக்கு இல்லை, என் அப்பாவுக்கு. "குடி கெடயாது, சிகரெட் கெடயாது, பொண்ணுங்க பக்கம் தல தூக்கிப் பாக்கறதில்ல. இந்த மாதிரி புள்ள எங்க கெடைக்கும்?" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். உங்கள் அம்மா ஊரிலிருந்து வந்து, என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அன்றைக்கே சம்மதம் சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டாம் ஓலை கூறிய வாரம், சனிக்கிழமை மத்தியானம் போதகர் நம் இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். புருஷன்தான் குடும்பத்துக்குத் தலை, மனைவி அடங்கி நடக்க வேண்டும், ஒருவர் உடம்பு மற்றவருக்குச் சொந்தம், பிள்ளைகள் ஆண்டவர் தரும் ஈவு என்று நிதானமாக எடுத்துச் சொன்னார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, ஆணும் ஆணும் சேர்வது என்று ஒரு பாவம் இருக்கிறது, சபை அதை ஒருநாளும் ஏற்காது என்றார். நமக்கு எதற்கு இதெல்லாம் என்று நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் "சரிங்கய்யா" என்றீர்கள். அவர் உங்களிடம் எதுவும் கேட்டிருக்கவில்லை.

பஸ் நிறுத்தம்வரை கூடவே நடந்து வந்தீர்கள். பெரிய லாரிகள் போய்க்கொண்டே இருந்ததால் நீங்கள் முதலில் சொன்னது எனக்குக் காதில் விழவில்லை. திரும்பச் சொன்னீர்கள்.

"எனக்குப் பொண்ணுங்க மேல அந்த நெனப்பு வரல. சின்னதுலேர்ந்தே வரல. ஐயா கடைசியா சொன்னாங்கள்லா, அந்த ஆளு நான்தான்."

எனக்கு வந்தது இரக்கம் இல்லை, கோபம். பத்திரிகை அடித்தாகிவிட்டது, புடவை எடுத்தாகிவிட்டது. பெண் பார்க்க வந்த அன்றே சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். கல்யாணமானால் மாறிவிடும் என்று நம்பியதாகச் சொன்னீர்கள். அப்புறம், "மாறலன்னா அது உங்க தலையிலல்லா விடியும்?" என்றீர்கள்.

போதகரிடமும் என் அப்பாவிடமும் நீங்களே சொல்லிவிடுவதாகத்தான் இருந்தீர்கள். சபை உங்களை விலக்கிவிடும் என்று தெரிந்தே இருந்தீர்கள். அம்மா காதுக்குப் போகும் என்று சொல்லும்போது மட்டும் உங்கள் முகம் கோணிப்போனது. அதைப் பார்த்துவிட்டுத்தான், நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம், எனக்குப் பிடிக்கவில்லை என்று நானே சொல்லிக்கொள்கிறேன் என்றேன். அது உங்களுக்காகவா, இல்லை அந்த இடத்தைவிட்டு ஓடிவிட வேண்டும் என்ற அவசரமா? இன்றுவரை எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

அப்பா என்னோடு பேசுவதை விட்டுவிட்டார். போதகர் அன்று ராத்திரியே வீட்டுக்கு வந்து காரணம் கேட்டார். பிடிக்கவில்லை என்றேன். பிடித்தம் பார்த்தா ஆண்டவர் இணைக்கிறார் என்று கேட்டார். மறுநாள் ஞாயிறு அறிவிப்புகளில் நம் ஓலையைத் தாண்டி அடுத்ததற்குப் போனார். அதற்கப்புறம் வந்த பாட்டுக்கு நீங்கள் சுருதியை மேலே வைத்துவிட்டீர்கள். யாராலும் கூடச் சேர்ந்து பாட முடியவில்லை.

எனக்குக் கம்பெனியில் வேறு ஆள் இருக்கிறது என்று சபையில் பேசினார்கள். நான் பொறுத்துக்கொண்டேன், நீங்கள்தான் பொறுக்கவில்லை. சில மாதம் கழித்து என்னிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் போதகரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டீர்கள். அவர் உங்களைத் திட்டவில்லை என்று பிறகு போனில் சொன்னீர்கள். தலையில் கைவைத்து அழுது ஜெபம் செய்தாராம். உபவாசம் இருக்கச் சொன்னாராம், மனம் மாறும்வரை கீபோர்டைத் தொட வேண்டாம் என்றாராம். நீங்கள் சொன்னதை அவர் வெளியே விடவில்லை, உங்கள் வீட்டுக்கும் சொல்லவில்லை. அதற்காக இன்றும் அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. என்னைப் பற்றிப் பேசியவர்களை அடக்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அதையும் அவர் சொல்லவில்லை. அடுத்து வந்த ஜோடிகளுக்கும் அதே பாடத்தை அதே தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.

நீங்கள் வேறு சபைக்குப் போகவில்லை. கடைசி வரிசைக்குப் போனீர்கள், அங்கிருந்து பாடினீர்கள். கிறிஸ்துமஸ் கேக் கொடுத்த நெரிசலில் ஒருமுறை பக்கத்தில் நிற்க வாய்த்தது. ஜெபத்துக்குப் பதில் வந்ததா என்று கேட்டேன்.

"மாத்தும்னு கேட்டுக்கிட்டேதான் இருக்கேன். ஒன்னும் வரல. இருக்கட்டும்னு சொல்லுதாரோ என்னமோ" என்று சிரித்தீர்கள். நான் உங்களோடு வாழாத வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த சிரிப்பு அது ஒன்றுதான்.

அடுத்த மழைக்காலத்தில், ஷிப்ட் முடிந்து வரும் வழியில், ஒரகடம் ரோட்டில் உங்கள் வண்டிமேல் கன்டெய்னர் லாரி ஏறிவிட்டது. ஊருக்குக் கொண்டுபோகும் முன் ஆலயத்தில் வைத்தார்கள். எனக்கு அப்போது வேறு இடத்தில் நிச்சயமாகியிருந்தது. போக வேண்டாம் என்று அம்மா தடுத்தார். போனேன்.

உங்கள் அம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"எம் புள்ளைக்கு என்ன கொறன்னு நீ வேண்டாம்னு சொன்ன?"

போதகர் பக்கத்தில்தான் நின்றார். எங்கள் இருவருக்கும் தெரியும். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒரு கொறையும் இல்லம்மா" என்றேன்.

"அப்புறம் ஏன்?" என்றார். கையை விடவே இல்லை. உங்கள் சித்தப்பா வந்து விரல்களைப் பிரித்து அவரை அழைத்துக்கொண்டு போனார்.

அவரைப் பொறுத்தவரை, நல்ல பிள்ளையை ஒருத்தி வேண்டாம் என்றாள், அவன் மனசு உடைந்து தனியாகவே இருந்து போய்ச்சேர்ந்தான். அவர் திட்டினாலும் சபித்தாலும் எனக்குப் பொருட்டில்லை. பேசாமல் கட்டிக்கொண்டு என் ஆயுசை வீணாக்க உங்களுக்கு எல்லா வழியும் திறந்திருந்தது. ஊரும் சபையும் கூடி நின்று வாழ்த்தியிருக்கும். அதை விட்டுவிட்டு, அத்தனை லாரிச் சத்தத்தில் ஒருமுறைக்கு இருமுறையாக உண்மையைச் சொன்னீர்கள். உங்கள் அம்மா நினைப்பதைவிட எவ்வளவு நல்ல பிள்ளையைப் பெற்றிருக்கிறார் என்பதை, உலகத்தில் அவர் ஒருவரிடம் மட்டும் என்னால் சொல்ல முடியாது.